கட்டிலுக்கு ஒரு மறைப்பு

கன்னையா தண்ணீர் குடிக்க மறுத்தார். ரப்பர் பால்வெட்டப் போன மலையில் வழுக்கி விழுந்து, முறிந்த காலில் பாரம் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர், மகள் சுகந்தினி நீட்டிய தம்ளரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“மூத்திரம் சரியாப் போகலியாம். கிட்னியப் பாக்க நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களாம். குடிங்கப்பா.”

“குடிச்சிட்டு? நீ பேசாம இரு புள்ள.”

அடுத்த கட்டிலில் கை முறிந்து இருந்த ஜஸீல் விஷயத்தைப் போட்டு உடைத்தார். “கிட்னில ஒண்டுமில்ல தங்கச்சி. வெக்கம். வாட்டு நடுவுல எல்லாரும் பாக்க பெட்பேன் கேக்க வாய் வரல்ல. அதான் சோறு தண்ணிய நிப்பாட்டிட்டாரு.”

சுகந்தினி தாதியிடம் மிகுந்த பணிவுடன் ஒரு மறைப்புக் கேட்டாள். தாதி கெட்டவர் அல்லர். அத்தனை கட்டில்களுக்கும் அவர் ஒருவரே. “ஸ்கிரீன் ஒண்ணுதான் நங்கி, அது வேற கட்டில்ல. டொக்டருக்குச் சொல்லுங்க” என்றார், தங்கையிடம் பேசுவதுபோல். டொக்டரோ, காலையில் ஜஸீல் மறைப்புக் கேட்டபோதே, “அதெல்லாம் நர்ஸ் மிஸ்ஸுக்குச் சொல்லுங்க” என்று அடுத்த நோயாளியிடம் நகர்ந்திருந்தார். வெட்கத்துக்கு யாரிடம் மருந்து கேட்பது?

தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் குறுக்கே ஒரு சேலையைத் தொங்கவிட்டால் அது இன்னொரு அறை. அப்பால் என்ன நடந்தாலும் காணாததுபோல் இருப்பதே மரியாதை. அந்த மரியாதையிலேயே வாழ்ந்து நரைத்தவர் கன்னையா. சுகந்தினி பையிலிருந்த சேலையை எடுத்து, ஜன்னல் கம்பிக்கும் சேலைன் தாங்கிக்கும் இடையே கட்டினாள்.

தாதி ஓடிவந்தார். “அனே நங்கி, கட்ட ஏலாது! மேட்ரன் கண்டா எனக்குத்தான் ஏச்சு.”

“கட்டத்தானே கூடாதுங்க மிஸ்?” என்று சேலையை அவிழ்த்தவள், கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு முனையை உயர்த்திப் பிடித்தாள். மறுமுனையை ஜஸீல் நல்ல கையால் தூக்கினார்.

“கன்னையாண்ணே, நான் ஒத்தக்கைக் கொடிமரம். சுணங்காதீங்க!”

வாட்டே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். சிற்றூழியர் பெட்பேனோடு சேலைக்குள் நுழைந்தார். நோயாளிகளைப் பார்வையிடும் நேரம் முடிந்ததென்று மணி அடித்தது.

“வெளியே போங்க, வெளியே!” என்று காவலாளி வாசலில் நின்று கத்தினான். எதற்கும் ‘சரிங்க’ என்றே பழகிய சுகந்தினி சேலை முனையை இன்னும் உயர்த்தினாள். “இன்னும் முடியலீங்க. நான் போக மாட்டேன்.” கைகள் கடுத்தன, இறக்கவில்லை.

முடிந்ததும் கன்னையா ஒரு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். பாவி மனிதருக்கு எவ்வளவு தாகம்! அவள் மறுபடியும் ஊற்றி நீட்டினாள். அவர் கை தம்ளர்வரை வந்து நின்றது.

“ராத்திரிக்கு யாரு புள்ள புடிக்கிறது?”

ஜஸீல் தன் ஒற்றைக் கையைப் பார்த்துக்கொண்டார். காவலாளி கட்டிலருகே வந்துவிட்டான். சுகந்தினி நிறைந்த தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, மறுபடியும் தாதியின் மேசைப் பக்கம் நடந்தாள்.