இரண்டு மில்லிமீட்டர்

பம்பு தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் மில்லிமீட்டர் அம்மா. மயிரிழை பிசகினாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அங்கே சேர்ந்த முதல் பெண் இன்ஜினியர் அவள்தான். இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியாயிற்று. வரும் திங்கட்கிழமை தலைமை இன்ஜினியர் நாற்காலி அவளுக்கென்று முடிவாகியிருந்தது. உத்தரவில் முதலாளியின் கையெழுத்துதான் பாக்கி.

இந்த நேரம் பார்த்தா பம்புத் தண்டுகள் முறிய வேண்டும்! ஒரே மாதத்தில் ஒன்பது. எல்லாமே கணினி சொன்னபடி வெட்டும் புது மெஷின் கடைந்தவை. எல்லாமே தண்டின் பருமன் குறைகிற அந்தப் படியில் முறிந்திருந்தன. மெஷின்மேல் பழியைப் போட்டுவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். அவள் மட்டும் தண்டின் பழைய வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தாள்.

பார்த்ததும் தவறு பிடிபட்டுவிட்டது. படியின் உள்மூலையை இரண்டு மில்லிமீட்டர் வளைவாக உருட்டச் சொல்லியிருக்க வேண்டும். கூராக விட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும். படத்தில் அந்தக் குறிப்பே இல்லை. கீழே இருந்த கையெழுத்து அந்நாளைய மேனேஜருடையது; வேலைக்குச் சேர்ந்த புதிதில் வரைந்தது என்னவோ இவள். "பொண்ணு கையெழுத்துப் போட்ட படத்தைப் பட்டறையில ஒருத்தனும் தொடமாட்டான்" என்று சிரித்துக்கொண்டே அன்று பேனாவை வாங்கிக்கொண்டார் அந்த மகராசன். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. இவள் வாயைத் திறக்காமலிருந்தால் பழியும் அவரோடு போய்விடும்.

அப்படியானால் இத்தனை வருடம் தண்டுகள் எப்படித் தாங்கின? புது மெஷின் வரும்வரை தண்டுகளைக் கடைந்துவந்த லேத் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"மூலையை நான்தான் உருட்டிவிடுவேம்மா. படத்துல விட்டுப்போச்சுன்னு முதல் நாளே தெரியும். புது மெஷினுக்கு என்ன தெரியும்? படத்துல இருக்கறதை அப்படியே வெட்டுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"படம் உங்களோடதுன்னு பட்டறைக்கே தெரியும். நான் வாயைத் திறந்திருந்தா மறுநாளே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

அவளுக்கு நன்றியும் கோபமும் ஒன்றாக வந்தன. "ஊருக்கு மறைச்சீங்க, சரி. எனக்குமா மறைக்கணும்?"



அவள் படத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள். "இதை வரைஞ்சது நான். தப்பு என்னோடது."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "கையெழுத்து அவரோடதா இருக்கே? செத்தவரு வந்து சண்டையா போடப்போறாரு? திங்கட்கிழமை வரைக்கும் சும்மா இருங்களேம்மா."

"தப்பு அவரோடதுன்னா பம்பும் அவரோடதாயிடும் சார். பம்பு என்னோடது."

முதலாளி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, உத்தரவை இப்போதைக்கு நிறுத்திவைப்பதாகச் சொன்னார். எதுவரைக்கும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மத்தியானமே புதுப் படம் தயாராகிவிட்டது. உள்மூலையில் 'வளைவு 2 மி.மீ.' என்று எழுதினாள். 'வரைந்தவர்' என்ற கட்டத்தில், அந்தத் தண்டின் படத்தில் முதல்முறையாக, தன் கையெழுத்தைப் போட்டாள்.

படத்தை வாங்க வந்த மேஸ்திரி குனிந்து பார்த்தார். "கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கேம்மா. எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்?"

"அளக்காதீங்க" என்றாள் மில்லிமீட்டர் அம்மா.