ஈயம் ஒட்டாத கை

பாலையூற்று இக்னேசியசுக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை இருந்தது. தனக்குத் தெரிந்ததில் பாதிகூட ஊருக்குத் தெரியவில்லையே என்பதுதான் அது. வங்கியில் உதவி முகாமையாளர். கடன் கேட்டு வருகிற விவசாயிக்கு விவசாயம் சொல்லிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து மனைவி கிறேசுக்கு மீன் பொரிக்கச் சொல்லிக் கொடுப்பார். இருவரும் தலையாட்டிவிட்டுத் தங்கள் பாட்டில் வேலையைப் பார்ப்பார்கள். ரிமோட் கார்ச் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் அவர் பேச்சை நின்று கேட்க ஆட்கள் கிடைத்தார்கள்.

சங்கத்தில் எல்லாரும் பெரிய ஆட்கள். தலைவர் பாக்கியரத்தினம் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். செயலாளர் யுகேந்திரன் நிலாவெளியில் ஹோட்டல் நடத்துகிறவர். ஹுஸ்னியா பல் வைத்தியர். ஞாயிறு பின்னேரங்களில் உள்துறைமுக வீதிப் பக்கம் உள்ள சீமெந்துத் தரையில் படுத்திருக்கும், ஊருக்குள் மாடுபோலத் திரிகிற மான்களை எழுப்பி விரட்டிவிட்டு, கணுக்கால் உயரக் கார்களை ஓடவிடுவார்கள்.

அவர்களுக்கு இருந்த ஒரே தலையிடி, பற்றறியைக் காரோடு இணைக்கும் மஞ்சள் கொனெக்டர். கார் நன்றாக ஒரு குலுங்கு குலுங்கினால், அதில் ஈயத்தால் ஒட்டிய வயர் கழன்று போகும். ஏன் கழல்கிறது என்று ஒருநாள் இக்னேசியஸ் விளக்கத் தொடங்கினார். ஈயத்தின் குணம், சூட்டின் அளவு, கடற்காற்றின் உப்பு என்று, இணையத்தில் பார்த்ததையெல்லாம் பொழுது சாயும் வரை சொன்னார்.

"இவ்வளவு தெரிஞ்ச நீங்களே எல்லாருக்கும் ஒட்டித் தந்தால் என்ன, அண்ணை?" என்று கேட்டார் யுகேந்திரன்.

இக்னேசியஸ் அதுவரை ஈயம் உருக்கி ஒட்டும் சோல்டரிங் அயனைக் கையால் தொட்டதில்லை. அதைச் சொல்ல அவருக்கு ஒரு கணம் கிடைத்தது. அந்தக் கணத்தில் அவர், "ஓம், அதுக்கென்ன" என்றார்.

இருக்கிறதிலேயே விலை கூடிய அயன் ஒன்றை வாங்கினார். சாப்பாட்டு மேசையில் எல்லாருடைய பற்றறிகளையும் பரப்பினார். கொனெக்டரின் உலோகத்தைச் சூடாக்கினால் பிளாஸ்டிக் உருகிவிடுமோ என்று அவருக்குப் பயம். அதனால் அயன் நுனியிலேயே ஈயத்தை உருக்கி, தோசைக்கு நெய் விடுவதுபோல மேலே சொட்ட விட்டார். ஈயம் சேம்பிலைத் தண்ணீராய் உருண்டு நின்றது. ஒட்டி முடித்த பிறகுதான், ஒட்டிய இடத்தை மூடும் சின்னப் பிளாஸ்டிக் குழாயை முதலிலேயே வயரில் கோத்திருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வரும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். பிறகு கறுப்பு டேப் சுற்றுவார். டேப் எல்லாவற்றையும் மறைத்தது.

"ஒருக்கா இழுத்துப் பாருங்கோவன்" என்றார் கிறேஸ்.

"ஒட்டினதை இழுத்துப் பார்க்கிறது ஒட்டினவனை நம்பாத வேலை."

தன் காரில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. கடையில் ஒட்டியே வந்ததை ஏன் குழப்புவான் என்று விட்டுவிட்டார். தன் கைவேலையைப் பற்றி அவர் கொண்டிருந்த ஒரே நேர்மையான அபிப்பிராயம் அதுதான்.

வருடாந்தக் கிண்ணப் போட்டி வந்தது. கொடி விழுந்ததும் கார்கள் சீறிக்கொண்டு கிளம்பின. முதல் வளைவில் யுகேந்திரனின் கார் நின்றது. அதைத் தாண்டிய தலைவரின் கார் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுப் படுத்தது. ஹுஸ்னியாவின் கார் வயரை வாலாக இழுத்துக்கொண்டு சற்றுத் தூரம் போய் ஓய்ந்தது. மற்றவையும் அப்படியே. இக்னேசியசின் கார் மட்டும் தனியாகச் சுற்றிச் சுற்றி ஓடியது. அதை நிறுத்துவதா விடுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசிச் சுற்று வரை ஓட்டி வென்றார். ஒருவரும் கை தட்டவில்லை.

"எங்கட எல்லாம் கழலுது, உங்கட மட்டும் ஓடுது. நல்ல விளையாட்டு, அண்ணை" என்றார் யுகேந்திரன்.

தலைவர் பழைய அதிபர் குரலில் கேட்டார்: "இக்னேசியஸ், வேணுமெண்டே செய்தனீரா?"

அதற்குள் ஹுஸ்னியா ஒரு கொனெக்டரின் டேப்பை நகத்தால் உரித்து, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது களவில்ல, சேர். வயரையும் உலோகத்தையும் சூடாக்காம ஈயத்தை மட்டும் உருக்கி ஊத்தியிருக்கார். அது எதிலயும் பிடிக்கல்ல. பாவம், இவருக்கு வேலை தெரியாது."

அந்தப் 'பாவம்' இக்னேசியசின் நெஞ்சில் முள்ளாய் ஏறியது. கள்ளன் என்றால் ஊர் ஏசும். தெரியாதவன் என்றால் ஊர் சிரிக்கும்.

"வேணுமெண்டுதான் செய்தனான்" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பேச்சு தானாக நீண்டது. "ஒட்டின மாதிரித் தெரிய வேணும், ஆனால் ஒட்டக்கூடாது. அதுக்குத்தான் கூடத் திறமை வேணும்."

"அப்ப ஒண்டை ஒழுங்கா ஒட்டிக் காட்டுங்க. அயன் என்ட வேனில கிடக்கு" என்றார் ஹுஸ்னியா.

"கள்ளனிட்டைப் பாடம் கேக்கிறியளோ, டொக்டர்?" என்றார் இக்னேசியஸ்.

ஒரு வருடம் போட்டிகளில் கலந்துகொள்ளத் தடை என்று சங்கம் தீர்மானித்தது. இக்னேசியஸ் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். கிறேஸ் குசினியில் இறால் உரித்துக்கொண்டே கதையைக் கேட்டார்.

"நீங்களோ களவு செய்தது?"

"ஓம்."

"அதுக்கும் கொஞ்சம் வேலை தெரிய வேணுமப்பா" என்றவர் அடுத்த இறாலை எடுத்தார்.

அடுத்த கிழமை பங்குக் கோயிலில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் இக்னேசியஸ் களவையே சொன்னார். சுவாமி கொடுத்த தண்டனைச் செபத்தையும் ஒன்று விடாமல் செபித்தார். செய்யாத பாவத்துக்கு இவ்வளவு பக்தியோடு பரிகாரம் செய்தவர் அந்தப் பங்கில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கதை பக்கத்து ஊரான கப்பல்துறை வரை போனது. அங்கே புதிதாகத் தொடங்கிய சங்கத்தார் போட்டிக்கு முன் கார்களைச் சோதிக்க ஓர் ஆள் தேடினார்கள். களவு தெரிந்தவனால்தான் களவைப் பிடிக்க ஏலும் என்று பேசி, இக்னேசியசை வீடு தேடி வந்து அழைத்தார்கள். அவர் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

முதல் ஆள் தன் பற்றறியை நீட்டினான். இக்னேசியஸ் கண்ணாடியைப் பிடித்துக் கொனெக்டரைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாததால் நெடுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க, எதிரே நின்றவனுக்கு வியர்த்தது.

"இல்லை சேர், தாங்கோ" என்று அவனே பறித்துக்கொண்டான். "நான் திருப்பி ஒட்டிக்கொண்டு வாறன்."

இக்னேசியஸ் பெரிய மனதோடு தலையசைத்து, அடுத்தவனைக் கூப்பிட்டார்.