டிப்ஸ் தர வேண்டாம்

தாம்பரம் மேற்கில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஞானாம்பாள் பவன். நான் அங்கே சர்வர், பெயர் தாமோதரன். 2007-ல் எனக்கு மூன்று சம்பளம் இருந்தது. கையில் வாங்குவது ஆயிரத்து எண்ணூறு. அரசுக்குக் காட்டும் சம்பள நோட்டில் கையெழுத்துப் போடுவது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். நோட்டில் இருக்கும் தாமோதரன் வசதியான ஆள்தான், ஆனால் அவன் எனக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்ததில்லை.

மூன்றாவது, சாப்பிட வருகிறவர்களிடம் சொல்வது. அது ஆயிரம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. என்னோடு வேலை செய்யும் கதிரேசன் நான் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தான். "சாப்டுகினே சம்பளம் இன்னான்னு கேக்குறாங்கன்னா, மனசு எளகிட்ச்சின்னு அர்த்தம். ஒள்ளத சொல்லிக் கெடுத்துக்காத." நாங்கள் ஆறு சர்வர்களும் ஆயிரம்தான் சொல்வோம். வீட்டில் ஆளைக் கூட்டிச் சொல்வது அவரவர் சாமர்த்தியம். எங்கள் வீட்டில் நான், மனைவி கங்கம்மா, எட்டாவது படிக்கும் மகள் அஞ்சலி என மூன்று பேர். டேபிளில் நாங்கள் ஐந்து பேர்.

மீல்ஸ் முப்பத்தைந்து ரூபாய். நாலு பத்து ரூபாய் நோட்டு வைப்பார்கள். மீதி ஐந்து ரூபாயைச் சோம்புத் தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்டினால், பார்த்தும் பார்க்காத மாதிரி எழுந்து போவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தேறும். சம்பளத்தில் வாடகையும் ஸ்கூல் செலவும் போகும், சோம்புத் தட்டில் வருவதைத்தான் சாப்பிட்டோம்.

வீடு முடிச்சூர் ரோட்டுக்கு உள்ளே, ஒரே அறை, எண்ணூறு ரூபாய் வாடகை. குழாயில் தண்ணீர் வரும். நான் ஓட்டலுக்கு நடந்தே போவேன், அஞ்சலி ஸ்கூலுக்கு நடந்தே போவாள். அந்த வீட்டை விடக் கூடாது என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. அதனால் வீட்டுக்காரம்மா பச்சையம்மாவிடமும் சம்பளம் ஆயிரம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். ஆயிரம் ரூபாய்க்காரனிடம் வாடகையை ஏற்ற யாருக்கும் மனசு வராது.

ஆவணி மாதத்தில் ஒரு மதியம், தோளில் பையும் கையில் ஃபைலுமாக ஒரு அம்மாள் தனியாக வந்து என் டேபிளில் உட்கார்ந்தார். வத்தக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். மோர் ஊற்றும்போது, "என்ன சம்பளம் தர்றாங்க உங்களுக்கு?" என்றார்.

"ஆயிரம் ரூபாம்மா. அதுவும் பத்தாந்தேதிக்கு மேலதான்."

"வீட்ல எத்தனை பேர்?"

"அஞ்சு பேரும்மா." அன்றைக்குக் குரல் எனக்கு நன்றாக அமைந்திருந்தது.

அவர் கண் கலங்கின மாதிரி இருந்தது. கை கழுவிவிட்டு வந்து, சோம்புத் தட்டில் மீதியோடு இன்னொரு பத்து ரூபாயும் வைத்தார். நான் கும்பிட்டேன். அவர் நேராகக் கல்லாவுக்குப் போய், பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். நாகலக்ஷ்மி, தொழிலாளர் துறை ஆய்வாளர்.

முதலாளி தனசேகர் எழுந்து நின்றார். என்னைக் கூப்பிட்டார்கள்.

"இவருக்கு ஆயிரம்தான் தர்றீங்களாமே?" என்றார் ஆய்வாளர்.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆயிரமா? டேய், சோத்துல உப்பு போட்டுத்தான துன்ற? மேடம், இவனுக்கு மாசம் பொறந்தா ஆயிரத்து எட்நூறு எண்ணி வெக்கறேன். கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்றேன்!"

"சத்தியமெல்லாம் வேண்டாம்," என்று ஆய்வாளர் ஆயிரத்து எண்ணூறு என எழுதிக்கொண்டார். பிறகு கல்லாவிலிருந்த சம்பள நோட்டை வாங்கித் திருப்பிக் காட்டினார். "அப்ப இந்த ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் யாருக்கு?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். வசதியான தாமோதரனின் கையெழுத்து மாதா மாதம் அழகாக இருந்தது.

அபராதம் கட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஆறு பேருக்கும் நோட்டில் இருக்கும் சம்பளம். கங்கம்மா செய்தி கேட்டு ரவா கேசரி செய்தாள். கேசரி தீர்வதற்குள் மற்றதெல்லாம் வந்துவிட்டது. அதுவரை இலவசமாக இருந்த இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு அறுநூறு பிடித்தார்கள். பி.எஃப். என்று கொஞ்சம் பிடித்தார்கள். கையில் இரண்டாயிரத்து நூறு வந்தது. சம்பளம் ஏற்றிய வகையில் நஷ்டம் என்று மீல்ஸை நாற்பது ஆக்கினார் முதலாளி. நாலு பத்து ரூபாய் நோட்டு வைத்தால் மீதி கிடையாது, சோம்பு மட்டும்தான்.

போதாதென்று வாசலில் பெரிதாக போர்டு வைத்தார். "எங்கள் ஊழியர்களுக்கு அரசு விதித்த முழு சம்பளம் வழங்கப்படுகிறது. டிப்ஸ் தர வேண்டாம்."

சனங்கள் போர்டைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். இத்தனை வருடம் எங்களுக்கு ஐந்து ரூபாய் வைப்பது அவர்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. மற்ற ஐந்து பேரும் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். கதிரேசன் மட்டும் ஒரு தடவை பேசினான். "ஆள் பாத்துச் சொல்ல மாட்ட? கைல ஃபைலு வெச்சிகினு எவனாவது மீல்ஸ் துன்னுவானா?"

புரட்டாசியில் பச்சையம்மா இட்லி பார்சல் வாங்க வந்தார். பேரன் அவருக்குப் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினான். சாயங்காலம் எங்கள் கதவைத் தட்டினார்.

"இன்னா தாமு, முழு சம்பளமாமே. போர்டுலயே போட்டுகீறாங்க. என்னாண்ட ஒரு வார்த்த சொல்லல?"

பிடித்தம் போக இரண்டாயிரத்து நூறுதான் வருகிறது, டிப்ஸும் போச்சு, முன்பு கிடைத்ததைவிட ஆயிரம் ரூபாய் குறைவு என்று விளக்கினேன். எல்லாம் உண்மை. என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு உண்மை சொன்னதில்லை.

பச்சையம்மா பொறுமையாகக் கேட்டார். "ஆயிரம் ரூபா சம்பளத்துல எட்நூறு வாடக குட்த்துட்டு, மீதி எர்நூறுல மூணு பேரு துன்னீங்க. அப்பவே நான் ரோசன பண்ணிக்கணும். ஐப்பசிலேந்து ஆயிரத்து எர்நூறு. முடியலன்னா வேற வூடு பாத்துக்க."

மறுநாள் ஆறு பேரும் முதலாளியிடம் போனோம். பழைய சம்பளமே போதும், சாப்பாட்டுக்குப் பிடிக்க வேண்டாம், போர்டை எடுத்துவிடுங்கள் என்று கேட்டோம். அவர் நாங்கள் சொன்னதை மறுக்கவே இல்லை. அந்த மாதமே பழைய சம்பளம் கொடுத்தார், நோட்டில் பழையபடி கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுப் பிடித்தமும் நின்றது. போர்டை மட்டும் எடுக்கவில்லை.

"போர்டு வெச்சதுலேந்து ஃபேமிலி கூட்டம் நல்லா வருதுப்பா," என்றார். "மீல்ஸும் நாப்பதே இருக்கட்டும். பருப்பு விக்கிற வெலைக்குக் கொறைக்க முடியாது."

ஐப்பசி பிறந்தது. ஆயிரத்து எண்ணூறில் ஆயிரத்து இருநூறு வாடகை கொடுக்க முடியவில்லை, வேறு வீடு தேடினோம். அஞ்சலி ஸ்கூல் மாற மாட்டேன் என்று இரண்டு நாள் அழுதாள். என் வாயால் கெட்டேன் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

வண்டலூரில் ரோஸி டீச்சர் என்பவரின் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று சொன்னார்கள். நானும் கங்கம்மாவும் போனோம். டீச்சர் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "வாடகை தொள்ளாயிரம். உங்களுக்கு என்ன சம்பளம்?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஆயிரம் என்றால் வீடு கிடைக்காது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்றால் அடுத்த வருடமே வாடகை ஏறும். ஆயிரத்து எண்ணூறு என்பது உண்மை, ஆனால் அதை யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

"அவராண்ட கேக்காதீங்க டீச்சர்," என்றாள் கங்கம்மா. "அவுருக்கே தெரியாது. வாடகைய நான் வூட்டு வேலைக்குப் போயி குடுக்கறேன்."

அவள் வேலைக்குப் போகப்போகிறாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவளை வேலைக்கு அனுப்பியதில்லை என்பது எனக்கு ஒரு பெருமை. தண்ணீரைக் குடித்தேன்.

டீச்சர் முகம் மலர்ந்தது. "அப்படியா? எனக்கே ஆள் தேவைதான். பாத்திரம், துணி, வீடு பெருக்கித் துடைக்கணும். எவ்வளவு வேணும் உனக்கு?"

"தொள்ளாயிரம்," என்றாள் கங்கம்மா.

டீச்சர் எழுநூறு தருவதாகச் சொன்னார். காலையில் டீ உண்டு, கிறிஸ்துமஸுக்குப் புடவை உண்டு. கங்கம்மா என்னைப் பார்க்காமலே சரி என்றாள்.