மூலையில் ஒரு கல்

சிங்கத்தின் தலையை ஒடித்து மோந்து பார்த்தாள் ஸ்கேனர் அம்மா. வெண்ணெய். வெனிலா. வேறு வாசனை எதுவும் இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"அது யூதா கோத்திரத்துச் சிங்கம், அக்கா. மாதிரிக்கு வச்சிருந்தேன்" என்றாள் பேக்கரிக்காரி. "ஆண்டவரோட பேரு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிஸ்கட். விடிவெள்ளிக்கு நட்சத்திரம், திராட்சச்செடிக்குக் கொத்து. வாயில போட்டது மறக்காதுன்னு..."

"எம்பொண்ணுக்கு மறக்காது. ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விட்டுச்சே!"

பேக்கரிக்காரி தலை குனிந்தாள்.

விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைத் திரையில் ஊடுருவிப் பார்ப்பது ஸ்கேனர் அம்மாவுடைய வேலை. அதனால்தான் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அவளுடைய மகள் சில்வண்டு. வாய் ஓயாது. போன வாரம் சர்ச்சின் இதே சமையலறையில், தான் செய்த பிஸ்கட்டைக் கடித்தவளுக்கு அந்த வாய் ஓய்ந்தது. உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ஊசி போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. பாதாம், முந்திரி என்று எந்தப் பருப்பும் அவளுக்கு விஷம். பேக்கரிக்காரிக்கு அது தெரியும். தெரிந்திருந்தும் உள்ளே பருப்பு போனது எப்படி?

"இன்னிக்கு நீங்களே கூட இருந்து பாருங்க" என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். "சந்தேகம் தீரலைன்னா கிச்சன் சாவிய அந்தம்மாகிட்டேர்ந்து வாங்கிடறேன்."

சாவி யாரிடம் இருந்தால் இவளுக்கென்ன? யார் வைத்தது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மகளின் அடுத்த பிஸ்கட், அடுத்த பிறந்தநாள் கேக், அடுத்த மிட்டாய் எல்லாமே கண்ணிவெடி.

சோதனை தொடங்கியது. மாவு டப்பா, சர்க்கரை டப்பா, எசன்ஸ் பாட்டில். அலமாரியின் மேல்தட்டில் மூடி இறுகிய ஒரு தகர டப்பா.

"இதுல என்ன?"

"அச்சு."

"திறங்க."

திறந்தாள். அச்சுகள்தான்.

"என் கைப்பையும் இருக்கு. பாத்துடுங்க. உங்க மெஷின் இருந்தா என்னையே படுக்கவச்சு உள்ள அனுப்பியிருப்பீங்க!"

"அனுப்பியிருப்பேன்" என்றாள் ஸ்கேனர் அம்மா, சிரிக்காமல். கைப்பையைக் கொட்டியும் பார்த்தாள். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த குட்டி ஏப்ரன்களை மட்டும் அவள் தொடவில்லை. பூப்போட்ட துணியில் என்ன இருந்துவிடப் போகிறது?

பிள்ளைகள் கூச்சலோடு உள்ளே வந்தார்கள். அவரவர் ஏப்ரனை இழுத்து மாட்டிக்கொண்டார்கள்.

"அம்மா, சிங்கத்துக்குத் தலையைக் காணோம்!" என்று கத்தினாள் சில்வண்டு.

"உங்கம்மா வேட்டைக்கு வந்திருக்காங்கடி" என்றாள் பக்கத்தில் நின்ற தக்காளி. கன்னம் சிவந்த, குண்டுப் பெண். சில்வண்டின் உயிர்த்தோழி.

போன வாரம் பாதியில் நின்ற பாடம். பேக்கரிக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இன்னிக்கு என்ன பேரு?"

"மூலைக்கல்!"

"ஏன் அந்தப் பேரு?"

"வீடு கட்டுனவங்க இது வேணாம்னு ஒரு கல்லைத் தள்ளிவிட்டாங்க. கடைசில அதுதான் மூலையில நின்னு வீட்டையே தாங்குச்சு" என்றாள் தக்காளி, ஒரே மூச்சில்.

"சமத்து. மாவைச் சதுரமா தட்டுங்க. மூலையில ஆளுக்கொரு கற்கண்டு."

ஸ்கேனர் அம்மாவின் கண் பேக்கரிக்காரியின் விரல்களை விட்டு அகலவில்லை. விரல் மாவில் இருந்தது, தட்டில் இருந்தது, கற்கண்டுக் கிண்ணத்தில் இருந்தது. தப்பாக எதையும் தொடவில்லை. இத்தனை சுத்தமாக ஒருத்தி வேலை செய்வாளா?

அப்போதுதான் உறைத்தது. சோதனைக்கு வருகிறவர்களில் திறந்து காட்டுகிறவரையே வெறித்துக்கொண்டிருந்தால், பின்னால் நிற்பவர் நழுவிவிடுவார். எத்தனை முறை பார்த்திருக்கிறாள்!

பார்வையை மேசை நீளத்துக்கு ஓட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையாலும் மாவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியைத் தவிர. அவளுடைய இடது கை ஏப்ரன் பைக்குள் போய், மூடிய முஷ்டியாக வெளியே வந்தது. மெல்ல நகர்ந்து சில்வண்டின் மாவை நெருங்கியது.

பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். "கையைத் திற!"

தக்காளியின் கன்னம் வெளுத்தது. முஷ்டி விரிந்தது.

உள்ளங்கையில் தோலுரித்த பாதாம் ஒன்று.



"யார் குடுத்தா? சொல்லு!"

"யாரும் குடுக்கல. இது... கல்லு, ஆன்ட்டி."

"கல்லா?"

"போன வாரம் இந்த மாவு ஆன்ட்டி திராட்சை பாக்கெட்லேர்ந்து இதைப் பொறுக்கிப் பொறுக்கி, இது வேணாம், இது வேணாம்னு குப்பையில போட்டாங்க. தள்ளிவிட்ட கல்லுதானே ஒசத்தி? எல்லாருக்கும் வெறும் கற்கண்டு. இவ என் ஃப்ரெண்டு. அதான் இவளுக்கு மட்டும் குப்பையிலேர்ந்து நெஜமான கல்லை எடுத்து மாவுக்குள்ள அமுக்கி வச்சேன். மிச்சத்தை ஏப்ரன் பையில வச்சிருந்தேன்." அழுகை வெடித்தது. "இவ மூஞ்சி வீங்கினதுக்குக் காய்ச்சல்னுதான் எங்ககிட்ட சொன்னாங்க. இன்னொண்ணு வச்சா திரும்ப வராதுன்னு நெனச்சேன்..."

பேக்கரிக்காரி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். "பருப்பு கலந்த பாக்கெட்டை நான் உள்ளயே கொண்டுவந்திருக்கக் கூடாது. பொறுக்கிட்டா போதும்னு இருந்துட்டேன்."

"அது விஷம்னு பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதானேக்கா சொன்னீங்க?" குரல் தாழ்ந்திருந்தது. "கேலி பண்ணுவாங்க, எவ மனசுல என்ன இருக்கோ, எம்பொண்ணையே வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன், ஒருத்திகிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு."

தக்காளியின் மணிக்கட்டை இன்னும் பிடித்திருப்பது அப்போதுதான் ஸ்கேனர் அம்மாவுக்குத் தெரிந்தது. விட்டாள். பாதாமைக் காகிதத்தில் சுருட்டி வெளியே எறிந்துவிட்டு வந்தாள். அந்த மாவு முழுவதையும் கொட்டச் சொன்னாள். ஏப்ரன்களைக் கழற்றி ஒவ்வொரு பையையும் வெளிப்புறமாகத் திருப்பி உதறினாள். தக்காளியின் பையிலிருந்து இன்னும் இரண்டு உருண்டன.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு, பிள்ளைகளின் உயரத்துக்கு மண்டியிட்டாள்.

"எல்லாரும் கேளுங்க. சில்வண்டுக்குப் பருப்பு சேராது. ஒண்ணே ஒண்ணு போதும், மூச்சு நின்னுடும்."

யாரும் சிரிக்கவில்லை. தக்காளி மட்டும் தோழியிடம், "நான் உன்னைக் கொன்னுருப்பேனாடி?" என்று விக்கினாள்.

"அதான் சாகலையே! மூக்கைத் துடை, சட்டையில ஒழுகுது" என்றாள் சில்வண்டு.

வாசலில் பாஸ்டர் தலையை நீட்டினார். "சாவியை வாங்கிடவா?"

"வேணாம், அவங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. பாக்கெட் எதுவா இருந்தாலும் நான் பாத்த பிறகுதான் உள்ள வரணும்."

"அம்மா, அடுத்த வாரம் என்ன பேரு தெரியுமா?" சில்வண்டு குதித்தாள். "வாசல்! அவர் வழியாத்தான் உள்ள போகணுமாம்."

"போகலாம்டி. நான் பையைச் சோதிச்ச பிறகு" என்றாள் அம்மா. புது மாவில் முதலில் வெந்த பிஸ்கட்டை எடுத்து ஒடித்து மோந்து பார்த்தாள். ஒரு துண்டைத் தன் வாயில் போட்டு மென்றாள். மீதியை மகளிடம் நீட்டினாள்.

மகள் அதைப் பிடித்த பிறகும் தன் பிடியை உடனே விடவில்லை.