கேள்விக்குத்தான் பரீட்சை

போஸ்டாபீஸ் அக்காவுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு போன் வரும். வீட்டு வாசலில் நிற்கும்போது வராது, மேலே போய்ச் சேர்ந்த பிறகும் வராது. மாடிப்படி பாதி ஏறி, படி திரும்புகிற இடத்துக்கு அவள் வந்ததும்தான் வரும். உடனே அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். "ம்... அப்படியா... அப்புறம்?" என்று கொஞ்ச நேரம் ஓடும். பிறகு போனைப் பைக்குள் போட்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றி எழுந்து மிச்சப் படிகளை ஏறிப் போவாள்.

படிக்கட்டு வீட்டின் வெளிப்பக்கமாக ஏறுகிறது. ஆகவே தெருவில் பாதிப் பேருக்கு இந்தக் காட்சி தெரியும். எதிர்முனையில் யார் என்பதில்தான் தெரு இரண்டுபட்டிருந்தது. மருந்துக் கடைக்காரர் மனைவி, கூட வேலை பார்த்த பழைய தோழி என்றாள். சலவைக்கடைக்காரர், பேசுகிறது ஆணாகத்தான் இருக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் அக்காவும் நாலு வார்த்தை பேசியிருப்பாளே என்று சந்தேகப்பட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்ணைக்கூட விட்டுவைக்காத தெரு அது. அக்காவின் ஓர்ப்படி, கீழ்வீட்டில் இருக்கும் இளையவள், இரண்டையும் நம்பவில்லை. அவள் கணக்கில் அது வக்கீல்.

வக்கீல் ஏன் என்றால், அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு. மாடி அண்ணனுக்கு, கீழே தம்பிக்கு என்று வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டதுதான், காகிதத்தில் ஒன்றுமில்லை. அண்ணன், அதாவது அக்காவின் புருஷன், போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது. இப்போது இளையவளின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. புதுசாக வருகிறவர்களுக்குத் தனியாக ஓர் இடம் வேண்டாமா? அதனால் சில மாதங்களாக இளையவள் நூல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் எதற்கு ஏறி இறங்க வேண்டும், கீழே பின்னறை சும்மாத்தானே கிடக்கிறது, என்று ஏதாவது ஒரு சாக்கில் பேச்சு அங்கே வந்து நிற்கும். பின்னறை என்பது துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து அறை. அந்த இயந்திரம் ஓடும்போது சுவரும் சேர்ந்து ஓடும்.

அக்காவுக்கு மாடி என்றால் தன் கதவு, தன் அடுப்பு, தனக்குப் பிடித்த சத்தத்தில் ரேடியோ. கீழே வந்துவிட்டால் மற்றவர்கள் சாப்பிடும்போது சாப்பிட வேண்டும், மற்றவர்கள் விளக்கணைக்கும்போது படுக்க வேண்டும். அவளைக் கீழே இறக்குவதற்கு இளையவளுக்கு ஒரே ஒரு நியாயம் போதும், முட்டி. ஆகவே அக்காவுக்கு முட்டி வலியே கிடையாது.

விரல் வலி உண்டு. மூட்டுவாதம் முதலில் விரல்களில்தான் வந்தது, அது ஊரறிந்த விஷயம். அதற்காகத்தான் மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போவாள், இளையவளும் துணைக்கு வருவாள். நோய் முட்டிக்கு இறங்கிய செய்தி மட்டும் டாக்டரோடு நின்றுவிட்டது. காலையில் ஒருமுறை இறங்கினால் மார்க்கெட், பாங்க், வாசகசாலை, தையல்காரியின் கடை என்று பொழுதை ஓட்டிவிட்டு, மாலையில் ஒரே ஒருமுறை ஏறுவாள். கண்ணாடியை மேலேயே மறந்துவிட்டு வந்த நாட்களில் வாசகசாலையில் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த அளவுக்கு வீராப்பு.

ஒருநாள் டாக்டரம்மா ஓர் உதவி கேட்டார். மூட்டுவாதத்துக்குப் புது மருந்துகள் வருகின்றன. அவை வேலை செய்கின்றனவா என்று ரத்தத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, நோயாளி வாயாலேயே கேட்க வேண்டும். அதற்காகத் தமிழில் ஒரு கேள்வித்தாள் தயாராகிறது. அதைப் பலரிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். அக்கா வருவாளா? போஸ்டாபீஸ் கவுண்டரில் பாதி ஆயுளைக் கழித்தவள், படிவம் என்றதும் தலையாட்டிவிட்டாள்.

கேள்வித்தாளைச் சோதிக்கும் பெண் அவளைச் சின்ன அறை ஒன்றுக்கு அழைத்துப் போனாள். இளையவளும் கூடவே நுழையப் பார்த்தாள். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு அவளை வெளி பெஞ்சில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். இளையவளின் முகம் தொங்கிப்போனதைக் கதவுக் கண்ணாடி வழியாக அக்கா பார்த்தாள். அன்றைக்கு வந்ததற்கு அதுவே போதும் என்றிருந்தது அவளுக்கு.

மேசைமேல் ஒரு பதிவுக் கருவி. கேள்வியைச் சத்தமாகப் படித்து, பதில் குறிக்கும்போது மனதில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். மனதில் ஓடுவதை வெளியே விடாமலே இத்தனை காலம் குடும்பம் நடத்தியவளிடம் இதைச் சொன்னால் என்ன செய்வாள்? திருதிருவென்று விழித்தாள்.

"பயப்படாதீங்கம்மா, பரீட்சை உங்களுக்கு இல்ல. கேள்விக்குத்தான். கேள்வி சரியில்லன்னா அது ஃபெயில்" என்றாள் அந்தப் பெண்.

விரல் பற்றிய கேள்விகள் சுலபமாகப் போயின. பட்டன் போடுவது, பாட்டில் மூடி திறப்பது. பிறகு, கடந்த ஏழு நாட்களில் மாடிப்படி ஏறுவதில் எவ்வளவு சிரமம் இருந்தது என்ற கேள்வி வந்தது. அக்கா 'சிரமமே இல்லை' என்ற கட்டத்தில் பட்டென்று குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

எப்படி அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டாள் அந்தப் பெண். தினமும்தான் ஏறுகிறேனே என்றாள் அக்கா. சரி, நேற்று ஏறினதைக் கீழ்ப்படியிலிருந்து சொல்லிக்கொண்டே வாருங்கள் என்றாள். இதில் என்ன இருக்கிறது என்று அக்கா ஆரம்பித்தாள். பையை இடது கையில் மாற்றியது, வலது கையால் கம்பியைப் பிடித்தது, திருப்பம் வந்தது, போன் வந்தது, உட்கார்ந்து பேசியது.

"முந்தாநாள்?"

"முந்தாநாளும் போன் வந்துச்சு."

"அதே இடத்துலயா?"

அக்காவின் பார்வை மேசைக்கு இறங்கியது. பதிவுக் கருவியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணும் அடுத்த கேள்விக்குத் தாவவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் சம்பளம் தருகிறார்கள் போலிருக்கிறது.

"இது வெளிய யாருக்காவது போகுமா?" என்றாள் அக்கா கடைசியில்.

"உங்க பேரே இதுல இல்லம்மா. ஒரு நம்பர்தான்."

"போன்ல யாரும் இல்ல" என்றாள் அக்கா. "நானேதான் பேசிக்கிறேன். சும்மா உக்காந்தா ஏன் உக்காந்தேன்னு கேப்பாங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள். பதிலை மாற்றிக்கொள்கிறீர்களா என்று மட்டும் கேட்டாள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. எதற்கு மாற்ற வேண்டும்? கேட்டது சிரமம் பற்றி. உட்கார்ந்துவிட்டால் சிரமம் இல்லை, உட்காராமல் ஏறினால்தான் சிரமம், உட்காராமல் அவள் ஏறுவதே இல்லை. குறித்தது அத்தனையும் உண்மை என்று அடித்துச் சொன்னாள்.

"அப்ப கேள்விதான் ஃபெயில்" என்ற அந்தப் பெண்ணுக்கு ஏனோ சந்தோஷம் தாங்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் இளையவள் வாயைக் கிளறிப் பார்த்தாள். அக்கா பிடி கொடுக்கவில்லை. விரலைப் பற்றிக் கேட்டார்கள் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மூடுமந்திரத்தைப் பார்த்ததும் இளையவளுக்கு வக்கீல் சந்தேகம் இன்னும் பலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் தாளில் எழுதுகிறவள், படியில் போனில் பேசுகிறவள், நாளைக்கு எதில் கையெழுத்துப் போட மாட்டாள்?

சில மாதங்கள் கழித்து, திருத்திய கேள்வித்தாள் தயார் என்று மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை தனியறை இல்லை. நிறையப் பேரிடம் வாங்க வேண்டியிருந்ததால் கூடம் முழுக்க நாற்காலி போட்டு, ஆளுக்கு ஒரு பேனாவும் கேள்வித்தாள் செருகிய அட்டையும் கொடுத்திருந்தார்கள். நோயாளி தானாகத்தான் நிரப்ப வேண்டும், உறவுக்காரர்கள் தள்ளி உட்காரவும் என்று அறிவித்தார்கள். அந்தக் கூட்டத்தில் யார் தள்ளி உட்கார்ந்தார்கள்? இளையவள் பையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவை ஒட்டி உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். கண் மட்டும் அட்டையில் இருந்தது.

அக்கா பக்கத்தைத் திருப்பினாள். பழைய மாடிப்படிக் கேள்வி அங்கே இல்லை. அதன் இடத்தில் வேறு கேள்விகள் உட்கார்ந்திருந்தன. படி ஏறும்போது இடையில் நிற்கவோ உட்காரவோ வேண்டியிருந்ததா? படி ஏறுவதைக் குறைக்க உங்கள் நாளை மாற்றி அமைத்துக்கொண்டீர்களா? சிரமம் இருப்பதைப் பிறர் அறியாமல் மறைத்தீர்களா?

அவளுக்குக் காது சூடாகியது. தன்னைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் தோன்றியது. அப்புறம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். எதிர் வரிசையில் ஒரு பெரியவர், பக்கத்தில் இருந்த மகனுக்குத் தெரியாமல் முழங்கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், புருஷனை டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு அவசர அவசரமாகக் குறியிட்டாள். ஒரே ஆளை நம்பிக் கேள்வியை மாற்றியிருக்க மாட்டார்கள் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறைக்க அவளுக்கும் முழங்கை இருந்தது. 'ஒருபோதும் இல்லை' என்று குறித்துவிடவும் செய்யலாம். ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஊமைப் போனில் பேசிப் பேசி அவளுக்குச் சலித்துவிட்டது. அந்த இல்லாத தோழியிடம் கேட்கப் புதிதாக எதுவும் மிச்சமில்லை. போன வாரம் ஒருநாள் ஒன்றும் தோன்றாமல் காய்கறி விலையை இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அவள் மூன்று கேள்விக்கும் 'எப்போதும்' என்று குறியிட்டாள். மெதுவாக, கட்டத்துக்கு வெளியே போகாமல்.

இளையவள் பார்த்துவிட்டாள். கை கழுவும் முறை அப்படியே பாதியில் நின்றது.

வண்டி முதல் சிக்னலில் நின்றது.

"அப்ப அந்த போன்?" என்றாள் இளையவள்.

"யாருமில்ல."

"வக்கீல் இல்லையா?"

"எந்த வக்கீல்?"

"ஒரு வருஷமா எனக்கு ராத்திரி தூக்கமில்லக்கா. வீட்டப் பிரிக்க ஆள் வெச்சிருக்கீங்கன்னு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டார். ஆனால் இளையவள் லேசுப்பட்டவள் இல்லை, ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சமாளித்துக்கொண்டாள்.

"முடியலன்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்புறம் என்ன, கீழ வந்துருங்க."

இதற்குத்தானே இத்தனை நாள் பயந்தது? சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏற முடியலன்னு எழுதல. உக்காந்து உக்காந்து ஏறுறேன்னு எழுதியிருக்கேன். ரெண்டும் வேற."

"விழுந்தா?"

"விழுந்தா கீழதான வருவேன். அப்படியே பின்னறையில போட்டுக்கோ."

"இதெல்லாம் ஒரு பேச்சாக்கா?" என்ற இளையவளின் குரல் உடைந்தது. நடிப்பா நிஜமா என்று அக்காவால் சொல்ல முடியவில்லை, ஆனால் மூக்கு சிவந்திருந்தது நிஜம். "கதவ உள்ள தாழ் போட்டுக்கறீங்க. ஒண்ணுன்னா யாரு வந்து ஒடைக்கறது? உள்தாழ் வேணாம், பூட்டிக்கிட்டு ஒரு சாவிய என்கிட்ட குடுங்க. மாடிய நான் கேக்கல."

"இனிமேலும் கேக்க மாட்டியா?"

"கேக்க மாட்டேன். என் புள்ளையும் அவன் பொண்டாட்டியும் பின்னறையில இருந்துக்கட்டும்."

வரப்போகும் மருமகள் இதற்கு என்ன சொல்வாள் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. இளையவள்தான் வாங்கிக் கழற்றிக்கொண்டாள்.

கொழுந்தனார் மறுநாளே படித் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அக்கா அதில் வெளிப்படையாக உட்கார்ந்து, மூச்சு வாங்கிவிட்டு ஏறினாள். போன் நின்றுபோனதைக் கவனித்த தெரு, எதிர்முனைக்காரரோடு என்ன சண்டையோ என்று கவலைப்பட்டது. சாவி வாங்கிய மறுநாள் காலையே டீ நேரத்துக்கு இளையவள் மேலே வந்தாள். தட்டவில்லை, சாவி போட்டுத் திறந்து வந்தாள். பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள், மாத்திரை டப்பாவை எண்ணினாள், அலமாரி டப்பாக்களை உயர வரிசையில் மாற்றி வைத்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. உடம்பு மாறாதவர்களின் பதிலும் மாறாமல் இருந்தால்தான் கேள்வித்தாளை நம்பலாமாம். இம்முறை கேள்விப் பெண் இளையவளைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டாள். அக்கா நிரப்பினாள். விரல் அப்படியே, முட்டி அப்படியே, படியில் உட்காருவதும் 'எப்போதும்'தான். மறைப்பது மட்டும் 'ஒருபோதும் இல்லை'. அந்தக் கட்டத்தில் ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இதுல ஒரு கேள்வி சேக்கலாமா? உதவி பண்றவங்களால எவ்வளவு தொந்தரவுன்னு?"

"இனிமே சேக்க முடியாதும்மா. கேள்வியெல்லாம் முடிவாயிடுச்சு" என்றாள் அந்தப் பெண். அடுத்தது சொல்லும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கடைசிப் பக்கத்துல இடம் இருக்கு. வேற ஏதாவது சொல்லணும்னா எழுதலாம்."

அக்கா கடைசிப் பக்கத்துக்குப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் இளையவள் இரண்டு பேர் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத் தூக்கம் பாக்கி இருக்கிறதே. அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, போஸ்டாபீஸ் அறிவிப்புப் பலகையில் எழுதுவதுபோல உருட்டி உருட்டி எழுதினாள்.

'உதவிக்கு வருகிறவர்கள் வரலாம். கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும்.'