ஹாஜரா பீவியின் நாக்குக்கு வந்த காப்பி

கல்யாணம் முடிந்த மறுவாரம், தென்காசி ரயிலடியில் வல்லிநாயகத்தின் காப்பி கிளப்பில் மசூது குடித்த காப்பியின் ருசி, நாலு தெரு தள்ளி வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த அவன் பெண்சாதி ஹாஜரா பீவியின் நாக்கில் வந்து இறங்கியது. வருஷம் 1953. பால் அடிப்பிடித்திருக்கிறது, சிக்கரி கூடுதல், பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை என்று அவள் சொன்னாள். அவள் தம்பி சேக் தாவூது போய்ப் பார்த்துவிட்டு வந்து, மூன்றும் நிஜம்தான் என்றான். மசூதுக்கோ காப்பிக்கும் கஷாயத்துக்கும் பேதம் தெரியாது. எதைக் கொடுத்தாலும் குடித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று எழுந்து போகிற மனுஷன். அவனுக்கு வர வேண்டிய ருசியெல்லாம் விலாசம் மாறி அவளிடம் போய்க்கொண்டிருந்தது.

ஊரார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனியில் சாரல் வருகிறது, ஆவணியில் நிற்கிறது, அதையெல்லாம் யார் ஏனென்று கேட்டார்கள்? எந்தக் கிளப்புக்குப் போகலாம் என்று கேட்க மட்டும் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பெண்டுகள் கிளப்பில் உட்காராத காலம் அது. ஒரு கிளப்பின் உள்ளே எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்திராத ஹாஜரா, கதவுக்குப் பின்னால் நின்று தீர்ப்புச் சொன்னாள். குற்றாலத்தில் அருவிக்கரைக் கிளப்பில் டிகாக்ஷன் முதல் தரம், ஆனால் குளித்து வருகிறவர்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஈரத்துண்டைப் பிழிகிறார்கள். சந்நிதித் தெருக் கிளப்பில் காப்பி சுமார், ரேடியோவுக்காகப் போகலாம். கடையை எட்டிப் பார்க்காத பொம்பளைக்குப் பயந்து பால்காரனை மாற்ற வேண்டியிருக்கிறதே என்று வல்லிநாயகம் புலம்பினார். புலம்பிக்கொண்டே மாற்றினார், பெஞ்சுக் காலையும் சரி பண்ணினார். மசூது துணி மூட்டையோடு ஊர் ஊராகப் போகிறவன். நாக்கில் காப்பி வந்தால் மச்சான் சுகமாக இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்த நிம்மதிக்காகத்தான் அவள் ஒவ்வொரு காப்பிக்கும் காத்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

1961 ஐப்பசி மழையில், செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் மசூது போன பஸ் பள்ளத்தில் உருண்டது. பாதிப் பேரை ஆறு கொண்டுபோய்விட்டது. ஹாஜராவின் நாக்கு காலியாகக் கிடந்தது. வாரங்கள் போயின. ஜமாத்துப் பெரியவர்கள் வந்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை வைத்துவிடலாம் என்று பக்குவமாகச் சொன்னார்கள். அன்றைக்கே அவள் புருஷனை இழந்தவளுக்குரிய இத்தா இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வீட்டோடு அடைந்தால் மாசக்கணக்கில் வாசல் தாண்ட முடியாது. அப்புறம் யார் போய் அவனைத் தேடுவார்கள்?

வெள்ளிக்கிழமை பாங்கு சொல்லும் நேரம். வெள்ளைச் சேலையைப் பெண்டுகள் ஹாஜராவின் மடியில் வைத்த வேளையில் அவள் முகம் சுளித்தது. ஒரே ஒரு கரண்டிக் காப்பி வந்திருந்தது.

"சீ, இது காப்பியா? கருப்பட்டியக் கரிய விட்டிருக்கான். ஆட்டுப்பாலு. பக்கத்துல ரப்பர்ப் புகை, டிஞ்சர் வாடை," என்றாள். பிறகு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அவுக உசுரோட இருக்காக. ஏட்டி, இந்தச் சேலைய எடுத்துட்டுப் போங்க."

வெளியே போகிறபோதெல்லாம் போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டியோடு, தம்பியைக் கூட்டிக்கொண்டு மலையேறினாள். வழியிலிருந்த முதல் சாயாக்கடைக்குள் அவள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது, உள்ளே இருந்த ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு வாய் குடித்தாள். இது இல்லை, ஆனாலும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றாள். அடுத்த கடையில் பசும்பால். அதற்கடுத்ததில் டம்ளரில் மீன்வாடை. தினமும் மதியம் அந்தக் கரிந்த கரண்டி அவள் நாக்குக்கு வந்தது, அவள் அல்லாவுக்கு நன்றி சொல்லி மேலே நடந்தாள். கடைசியில் ஆரியங்காவுக்கு அப்பால், ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஓலைக்கடையில், முதல் மடக்கிலேயே இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மனுஷர் குடிக்க முடியாத அந்தக் காப்பியை அடிமண்டி வரைக்கும் குடித்து முடித்தாள்.

ஆஸ்பத்திரிக்குள், பஸ் உருண்ட இடத்திலிருந்து தூக்கிவந்த நாள் முதல், பெயர் தெரியாத ஒருவன் கண் திறக்காமல் கிடந்தான். கொஞ்ச நாளாக மதியந்தோறும் எதிர்க்கடைக் காப்பியில் ஒரு கரண்டி அவன் உதட்டில் விடுவது நர்ஸ் ஜெபமலரின் வழக்கம். தான் அன்றைக்கு இன்னும் கொடுக்கவே இல்லை, கரண்டி காய்ந்தபடி கையில்தான் இருந்தது என்று அவள் பின்னால் எல்லாரிடமும் சொன்னாள். ஹாஜரா எதிர்க்கடையில் குடித்த அதே நேரத்தில் அந்த மனுஷன் முகத்தைச் சுளித்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"கருப்பட்டி கரிஞ்சிட்டு, ஹாஜரா," என்றான்.

ஜென்மத்தில் மசூது ஒரு காப்பியைப் பற்றிச் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான். ஜெபமலர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, ஹாஜரா யார் என்று கேட்டுக்கொண்டு வெளியே ஓடினாள்.

தை பிறந்து, கம்பு ஊன்றி ஊர் வந்த மசூது முதல் வேலையாக வல்லிநாயகத்தின் கிளப்புக்குப் போனான். வல்லிநாயகம் ஈரக்கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கையாலேயே ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். மசூது அதைத் தொடாமல், சீனி கொஞ்சம் தூக்கல் என்றான்.

"என்ன பாய், இன்னும் குடிக்கவே இல்லையே?"

"நாஞ் சொன்னது ஒங்க காப்பிய இல்ல. ஹாஜரா வீட்டுல இப்பம்தான் போட்டுக் குடிக்கா."

வல்லிநாயகம் சரி என்று தலையாட்டினார். அவள் குடித்து முடிக்கட்டும் என்று, ஆறிப்போகாமல் டம்ளரை டபராவால் மூடி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.