தொண்ணூற்றியொரு மூலைகள்

மூலை ஒன்று ஏழு காசுக்கு விலைபோன வருடத்தில், பூட்டுக்கடைக்காரர் தன் வீட்டிலிருந்த தொண்ணூற்றியொரு மூலைகளையும் ஒரே காலையில் விற்றுத் தீர்த்தார். எல்லாம் ஏழு மாதக் குட்டிக்காகத்தான். மகள் தவழத் தொடங்கியதுமே மனிதர் கடைச்சரக்கில் பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, இழுப்பறை, மருந்துப்பெட்டி, குப்பைத்தொட்டி, கழிப்பறை மூடி வரை பூட்டிவிட்டார். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க மூன்று சாவி வேண்டியிருந்தது. ஆனால் சாப்பாட்டு மேசையின் மூலையை எப்படிப் பூட்டுவது? குட்டியின் நெற்றி அதை மயிரிழையில் தப்பிய அன்றுதான், மூலை வாங்குகிறவன் தெருவில் கூவிக்கொண்டு வந்தான். ஐந்து காசு என்று ஆரம்பித்தவனை ஏழுக்கு ஏற்றிவிட்ட பெருமையில் கடைக்காரருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. வந்தவன் குறட்டால் பிடித்து ஒரு திருகு திருகுவான். மூலை காம்போடு கையில் வந்துவிடும். சாக்கு நிறைந்தபோது வீடு முட்டை மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது.

அதன்பிறகு சாத்திவைக்க இடமில்லாத துடைப்பம் கூடத்தில் தானாக அலைந்தது. வட்டக் கட்டிலில் தலைமாடு எது, கால்மாடு எது என்று தினமும் தகராறு. கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார மூலையில்லாமல், அவர் மனைவி கோபத்தோடேயே வீட்டைச் சுற்றி நடந்தாள். அவளுக்கு முன்னால் குட்டி தவழ்ந்துகொண்டிருந்தாள். எங்கும் முட்டாததால் எங்கும் நிற்கவில்லை. பொழுது விடிந்தால் ஒரே சுற்று. அண்டை வீட்டார் அவள் சன்னலைக் கடக்கும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள்.

குட்டிக்குப் பதினைந்து மாதமாகியும் அவள் எழுந்து நிற்கவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளை அதற்குள் ஓடவே ஓடியது. மருத்துவர் குட்டியின் கால்களைத் தட்டிப் பார்த்தார், பிறகு வீட்டைத் தட்டிப் பார்த்தார். “காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிடிச்சு எந்திரிக்க ஒரு விளிம்பு வேணாமாங்க?”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள் மனைவி. “ரெண்டு காசு ஏத்தி வித்தீங்களே, இப்ப போய் வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா நாளைக்கு அவ கல்யாணத்துக்கும் தவழ்ந்தேதான் போவா.”

மூலைக்காரனைத் தேடிப் பிடிக்கப் பதினொரு நாளாயிற்று. அவனிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். யாரும் சீந்தாத அந்தச் சாப்பாட்டு மேசை மூலை.

“எழுநூறு, முதலாளி.”

“ஏம்ப்பா, மனசாட்சி இருக்கா? ஏழு காசுக்குக் கொடுத்ததுய்யா!”

“அப்ப உங்களுக்கு வேண்டாதது. இப்ப வேணும்ல?”

“கொஞ்சம் மழுங்கினதா ஒண்ணு இருந்தாக் காட்டேன்.”

“மழுங்கினதுதான் உங்க வீடு முழுக்க இருக்கே!”

அன்றைக்கு வாங்கிய தொகையை அப்படியே திருப்பிக் கொடுப்பதென்று ஒருவழியாகப் படிந்தது.

மூலையை மேசையில் வைத்ததும் அது பழைய இடத்தில் ஒட்டிக்கொண்டது. சுற்றி வந்த குட்டி அதைப் பார்த்து நின்றாள். எட்டிப் பிடித்தாள், எழுந்தாள், நெற்றியை அதிலேயே நங்கென்று இடித்துக்கொண்டாள். கடைக்காரர் பாய்ந்தார், மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குட்டி வீடதிர அழுது முடித்து, மறுபடி அதே மூலையைப் பிடித்து எழுந்து, பிறகு கையை விட்டாள்.

அன்று கணக்குநோட்டில் அவர் எழுதியது: மூலை விற்ற வகையில் வரவு அறுநூற்று முப்பத்தேழு. மூலை ஒன்று வாங்கிய வகையில் செலவு அறுநூற்று முப்பத்தேழு. குட்டி நடந்தது மூன்று தப்படி, வரவு. நெற்றி வீக்கம் ஒன்று என்று எழுதிவிட்டு, அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“அதையும் வரவுலயே எழுதுங்க,” என்றாள் மனைவி.

எழுதினார். பாக்கித் தொண்ணூறு மூலைகளை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.